வட்டாரப் பணத்துக்கு நோட்டு வடிவமைக்க வருபவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில்

ஜெர்மனியில் பல வட்டாரங்களில் யூரோவுக்குப் பக்கத்திலேயே உள்ளூர்ப் பணம் ஒன்றும் புழங்குகிறது. அதில் பெயர் பெற்றது பவேரியாவின் கீம்கௌவர். 2003-ல் ப்ரீன் என்ற ஏரிக்கரை ஊரில், ஒரு பள்ளியில் தொடங்கியது. இப்போது ரோஸன்ஹைம், டிரவுன்ஸ்டைன் மாவட்டங்களில் உறுப்பினர்களாக உள்ள கடைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. கைக்குக் கை மாறுவது காகித நோட்டு. அந்த நோட்டை யாராவது ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து செய்துதானே ஆக வேண்டும்.

இதேபோன்ற வேறொரு சங்கத்துக்கு அந்த வேலையை நான் செய்து கொடுத்தேன். சங்கத்தார் முதல் கூட்டத்திலேயே படம் கேட்டார்கள். படம் தயாரான பிறகு வக்கீல் வந்தார், அவருக்குப் பிறகு அச்சகம், அதற்கும் பிறகு கடைக்காரர்கள். ஒவ்வொருவர் வரும்போதும் வடிவம் உடைந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒரே வரியில் சொல்வதானால்: படத்தைக் கடைசியில் வரையுங்கள். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. சட்டம், வரி பற்றிய பகுதிகள் ஜெர்மனிக்கானவை. மற்றவை எங்கும் பொருந்தும்.

1. இந்தத் தாள் சட்டப்படி என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்

ஜெர்மன் மத்திய வங்கிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவைச் சங்கத்தாரோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். சட்டபூர்வமான நாணயத்துக்கும் நோட்டுக்கும் பதிலாகப் பயன்படக்கூடிய தாளை அனுமதியில்லாமல் வெளியிட்டால் 5 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது அது. ஒழுங்குமீறல் சட்டத்தின் 128-ஆம் பிரிவு இன்னொரு பக்கம் இருக்கிறது: பணத்தாள் என்று ஏமாறும்படியான அச்சுத் தாளைத் தயாரிப்பதும் பரப்புவதும் அபராதத்துக்குரிய மீறல். இந்த இரண்டாவது பிரிவு நேராக உங்கள் மேசைக்கு வருகிறது. தாளைத் தயாரிப்பவர் நீங்கள்தான்.

வட்டாரப் பணம் நடத்துபவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, அதைச் சங்க உறுப்பினர்களுக்குள் மட்டும் செல்லும் கூப்பனாக வைத்துக்கொள்வது. பிரிட்டனில் 2009-ல் வந்த பிரிக்ஸ்டன் பவுண்ட் என்ற உள்ளூர்ப் பணமும் சட்டப்படி ஒரு வவுச்சராகத்தான் இருந்தது. ஆகவே உங்கள் நோட்டிலும் 'கூப்பன்' என்ற சொல் ஜெர்மன் மொழியில் எங்கேயாவது தெளிவாக வர வேண்டும். யார் வெளியிட்டது, யார் ஏற்பார்கள், எதுவரை செல்லும், யூரோவாக மாற்ற முடியுமா, எவ்வளவு பிடித்தம் என்பதும் வர வேண்டும். பின்பக்கத்தில் கால்வாசி இடம் இதற்கே போய்விடும். அந்த வாசகம் கையில் வராமல் பின்பக்கத்தைத் தொடாதீர்கள். ஆறு மதிப்பில் ஆறு நோட்டு என்று வைத்தால், வக்கீல் ஒரு வாக்கியம் சேர்த்ததும் ஆறு பின்பக்கமும் மாறும்.

வாங்கிவைக்க வேண்டிய காகிதங்கள்:

- சங்கத்தின் பதிவுச் சான்றும் விதிமுறையும். பதிவுக்கு ஏழு உறுப்பினராவது வேண்டும். பதிவு முடியாத சங்கத்துக்கு நோட்டு அடிக்கத் தொடங்காதீர்கள்.
- நோட்டு வெளியிட முடிவு செய்த செயற்குழுத் தீர்மானத்தின் நகல். அதில் மதிப்புகளும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும்.
- பின்பக்க வாசகம், வக்கீல் பார்த்து ஒப்புக்கொண்ட கடிதத்தோடு.
- நோட்டுக்கு ஈடான யூரோ எந்தக் கணக்கில் இருக்கிறது, யார் கையெழுத்தில் எடுக்கலாம் என்ற குறிப்பு.

நான்காவது உங்கள் வேலையா என்று கேட்பார்கள். நோட்டில் உங்கள் வேலை இருக்கிறது. மக்கள் அதை நம்பிக் காசு கொடுக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

சங்கம் கூடவே ஆப், கார்டு என்றும் பேசினால், அது கட்டணச் சேவைச் சட்டத்துக்குள் போகும் விஷயம். அதற்கு வேறு மேற்பார்வை, வேறு வக்கீல். காகித வேலையோடு கலக்க விடாதீர்கள்.

2. ஒப்பந்தமும் மறைந்திருக்கும் செலவும்

பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். சங்கத்துக்கு நீங்கள் கொடுப்பது பயன்படுத்தும் உரிமை. அது எத்தனை அச்சுக்கு, எத்தனை ஆண்டுக்கு, போஸ்டருக்கும் துணிப்பைக்கும் சேர்த்தா என்பதை எழுதுங்கள். திருத்தம் எத்தனை சுற்று என்பதையும் எழுதுங்கள். சங்கத்தில் முடிவெடுப்பவர் ஒருவர் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக ஒருவர் வருவார், அவருக்கு நிறம் பிடிக்காது. 'ஒப்புதல் தரும் அதிகாரம் இன்னாருக்கு' என்று ஒரே ஒரு பெயரை ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள்.

சங்கங்களின் பட்ஜெட்டில் வழக்கமாக விடுபடுபவை இரண்டு. அச்சகத்தின் விலைப்பட்டியல் பெரும்பாலும் வரிக்கு முந்தைய தொகை; மேலே 19% விற்பனை வரி ஏறும். கடை நடத்துபவர் அதைக் கழித்துக்கொள்வார், சங்கத்தால் பெரும்பாலும் முடியாது. அடுத்தது கலைஞர் சமூகக் காப்பீட்டுக்கான பங்களிப்பு. வெளியிலிருந்து வடிவமைப்பாளரை அமர்த்தும் அமைப்பு அவருக்குக் கொடுக்கும் கூலியின்மேல் ஒரு சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும். 2025-ல் அது 5%. சிறு தொகைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் ஆறு நோட்டு வேலை அந்த வரம்பைத் தாண்டிவிடும். இதை முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிய வந்தால் உங்கள் கூலியில்தான் கை வைப்பார்கள்.

உங்கள் பில்லுக்கு எந்த வரி விகிதம் என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். உரிமை வழங்கும் வேலைக்கு 7% என்ற குறைந்த விகிதம் பொருந்தக்கூடும். சிறு தொழில் வரம்புக்குள் இருந்தால் வரியே சேர்க்க வேண்டியதில்லை.

3. மதிப்பு, அளவு, எண்ணிக்கை

யூரோ நோட்டின் அளவுகளை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 5 யூரோ 120×62 மில்லிமீட்டர், 10 யூரோ 127×67, 20 யூரோ 133×72, 50 யூரோ 140×77. நிறங்கள்: 5 சாம்பல், 10 சிவப்பு, 20 நீலம், 50 ஆரஞ்சு, 100 பச்சை. உங்கள் 20 நீலமாக இருக்கக் கூடாது. சட்டத்துக்காகவும்தான், கடைக்காரருக்காகவும்தான். சனிக்கிழமை காலை பேக்கரியில் வரிசை நிற்கும்போது கல்லாவில் இருப்பவர் நோட்டைப் படிப்பதில்லை, ஓரத்து நிறத்தைப் பார்த்துப் போடுகிறார். நீலம் என்றால் அவர் கை யூரோ இருபதின் அறைக்குத்தான் போகும். மாலையில் கணக்கு இடிக்கும்.

அளவை முடிவு செய்யும்போது அச்சுத் தாளையும் பாருங்கள். சிறு அச்சகங்களில் சாதாரணமாக ஓடும் தாள் 450×320 மில்லிமீட்டர். நோட்டு 135×65, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு மிச்சம் என்று வைத்தால் ஒன்றுக்கு 141×71 இடம். நீளவாக்கில் மூன்று, உயரவாக்கில் நான்கு, ஆக 12 நோட்டு. தாளைப் பிடித்து இழுக்கும் கிரிப்பருக்கும் நிறம் சரிபார்க்கும் கலர் பட்டைக்கும் இடம் மிஞ்சும். உயரத்தை 75 ஆக்கிப் பாருங்கள், எப்படித் திருப்பிப் போட்டாலும் 10-க்கு மேல் வராது. 12,000 நோட்டுக்கு 1,000 தாள் போதும் என்றிருந்தது 1,200 ஆகிவிடும். பாதுகாப்புத் தாள் விலையில் இது சின்ன விஷயமில்லை.

ஆறு மதிப்பையும் ஒரே தாளில் இரண்டிரண்டாகப் போட்டால் பிளேட் (அச்சுத் தகடு) செலவு குறையும் என்று அச்சகத்தார் யோசனை சொல்வார்கள். குறையும், உண்மை. ஆனால் ஆறும் ஒரே எண்ணிக்கையில்தான் வரும். தினப்படி சில்லறைக்கு 1, 2, 5 தான் ஓடும். 50 பெட்டியில் தூங்கும். சிறு மதிப்புகளுக்கு ஒரு தாள், பெரிய மதிப்புகளுக்கு ஒரு தாள் என்று பிரிப்பது என் அனுபவத்தில் சரியான நடுவழி.

கடைசியாக, ஸ்டாம்ப். பணத்தை முடக்கிவைக்காமல் செலவழிக்க வைப்பதற்காகப் பல வட்டாரப் பணங்கள், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் நோட்டின் மதிப்பில் சிறு சதவீதத்துக்கு ஸ்டாம்ப் வாங்கி ஒட்டினால்தான் செல்லும் என்று வைத்திருக்கின்றன. கீம்கௌவர் தொடங்கியபோது காலாண்டுக்கு 2%. உங்கள் சங்கத்துக்கும் அப்படி ஒரு விதி இருந்தால், கட்டங்கள் எத்தனை, ஸ்டாம்ப் என்ன அளவு, எந்தப் பக்கம் என்பதை இப்போதே கேளுங்கள். கட்டங்கள் வரும் இடத்தில் எண்ணோ மதிப்போ இருக்கக் கூடாது.

4. அச்சகத்தையும் தாளையும் வரையும் முன்பே முடிவு செய்யுங்கள்

பாதுகாப்பு அச்சு செய்யும் அச்சகங்கள் தனி. கூப்பன், டிக்கெட், சான்றிதழ் அடிப்பவர்கள். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது 'நோட்டு அடிக்க என்ன ஆகும்' என்று மொத்தமாகக் கேட்காமல் தாள், பிளேட், ஒவ்வொரு தனி நிறம், எண் அடித்தல், மின்னும் ஃபாயில் ஒட்டுதல், வெட்டுதல், கழிவை அழித்தல், அனுப்பும் செலவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். எண் அடிப்பதும் கழிவை அழிப்பதும் பல விலைப்பட்டியலில் இல்லாமலே இருக்கும், பில்லில் வரும்.

தாள் விஷயத்தில் நின்று நிதானமாக முடிவெடுங்கள். சாதாரண வெள்ளைத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். புறஊதா விளக்கின் கீழ் அது நீல வெள்ளையாகப் பளிச்சிடும். யூரோ நோட்டின் தாள் முழுப் பருத்தி. விளக்கின் கீழ் அது மங்கலாகவே இருக்கும், மேலே உள்ள இழைகளும் மையும் மட்டும் ஒளிரும். கடைக்காரரிடம் உள்ள மலிவான டார்ச்சே போலியைப் பிடிக்க உதவ வேண்டுமானால் வெண்மையூட்டி இல்லாத தாள்தான் வேண்டும். பல பாதுகாப்பு அம்சங்களுக்குச் செலவழிக்கப் பணம் இல்லாத சங்கம் இந்த ஒன்றுக்காவது செலவழிக்கட்டும் என்பது என் கருத்து.

வாட்டர்மார்க் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். சங்கத்தின் சின்னமே நீர்க்குறியாக வர வேண்டுமென்றால் தாள் ஆலையில் தனி அச்சு செய்து, டன் கணக்கில் ஆர்டர் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் நோட்டுக்கு அது கட்டாது. பொதுவான நீர்க்குறியும் ஒளிரும் இழைகளும் உள்ள தாள் கையிருப்பிலேயே கிடைக்கும், அதை வாங்குங்கள். ஹாலோகிராமும் அப்படித்தான். ஃபாயிலில் பொது வடிவம் மலிவு. சொந்த வடிவம் என்றால் முதலில் மாஸ்டர் என்ற மூல அச்சுக்கே ஒரு பெரிய தொகை.

டிஜிட்டல் பிரஸ்ஸில் அடித்தால் பிளேட் செலவே இல்லை என்பார்கள். டோனர் தாளின் மேல்தான் உட்காரும். மடித்த இடத்தில் உதிரும். நோட்டு என்பது மடிப்பதற்கென்றே உள்ள தாள். பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட்டில் மை தாளுக்குள் இறங்கும். பளபளப்புப் பூச்சுள்ள தாளும் வேண்டாம், லாமினேஷனும் வேண்டாம். ஸ்டாம்ப் ஒட்டாது, பேனா எழுதாது.

5. யாருடைய படம்?

இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான். வட்டாரம் என்றால் பல ஊர். ஒரு ஊரின் கோபுரம் பெரிய மதிப்பில் வந்தால் அடுத்த ஊர் கேட்கும். எனக்கு வேலை கொடுத்த சங்கத்தில் கூட்டங்களின் பாதி நேரம் இதில்தான் போனது. முன்னால் போனவர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், கூட்டத்தில் வாதத்துக்குப் பதிலாக வழிகளை வைக்கலாம்.

யூரோவின் வழி, யாருடையதும் இல்லாத படம். 1996-ல் நடந்த போட்டியில் வென்றவர் ஆஸ்திரிய மத்திய வங்கியைச் சேர்ந்த ராபர்ட் கலினா. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு காலத்தின் கட்டடக் கலை. முன்பக்கம் சன்னலும் வாசலும், பின்பக்கம் பாலம். அவருடைய முதல் வரைவில் சில பாலங்கள் உண்மையான பாலங்களைப் போலவே இருந்தன. வெனிஸின் ரியால்டோ அதில் ஒன்று. பாலம் இத்தாலியில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நோட்டு இத்தாலிக்குச் சொந்தமாகிவிடும். எந்த நாட்டிலும் இல்லாத பாலங்களாக அவற்றை மாற்றினார்கள். (பிறகு நெதர்லாந்தின் ஸ்பெய்கெனிஸ் ஊர்க்காரர்கள் அந்த நோட்டுப் பாலங்களையே வண்ணக் கான்கிரீட்டில் கட்டிவிட்டார்கள்.) இந்த வழியில் சண்டை வராது. ஆனால் படத்தின்மேல் யாருக்கும் ஒட்டுதலும் வருவதில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியே அடுத்த வரிசைக்கு 2025 ஜனவரியில் தேர்ந்தெடுத்த கருக்கள் இரண்டு வகை. ஒன்றில் மரியா கல்லாஸ், பீத்தோவன், மேரி கியூரி, செர்வாண்டிஸ் என்று மனித முகங்கள். மற்றொன்றில் ஆறுகளும் பறவைகளும். பறவை எல்லை பார்ப்பதில்லை. பல ஊர்களுக்குப் பொதுவான நோட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான கரு எனக்குத் தெரியவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகளுக்குப் பொதுவான சிஎஃப்ஏ ஃபிராங்க் நோட்டின் வழி வேறு. படம் எல்லாருக்கும் ஒன்றே. ரம்பமீன் சின்னம், அக்கான் மக்கள் தங்கம் நிறுக்கப் பயன்படுத்திய பித்தளை எடைக்கல்லின் வடிவிலிருந்து வந்தது. நாட்டைக் காட்டுவது எண்ணோடு வரும் ஓர் எழுத்து மட்டும்: ஐவரி கோஸ்ட்டுக்கு ஏ, பெனினுக்கு பி, செனகலுக்கு கே. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் அலுவலகம் வெளியிட்டதோ அந்த ஊரின் எழுத்து வரிசை எண்ணின் முன்னால். படத்தில் இடம் கிடைக்காத ஊருக்கு எண்ணில் இடம். எங்கள் கூட்டத்தில் பிடிவாதமாக இருந்தவர்களைச் சமாதானப்படுத்தியது இந்த யோசனைதான். எந்த அலுவலகத்தின் நோட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்னால் பார்க்கவும் உதவுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2006-ல் வந்த பெர்க்‌ஷேர்ஸ் உள்ளூர் மனிதர்களின் முகங்களை வைத்தது: சிந்தனையாளர் டுபோய்ஸ், எழுத்தாளர் மெல்வில், ஓவியர் நார்மன் ராக்வெல். பிரிக்ஸ்டன் பத்துப் பவுண்டில் பாடகர் டேவிட் போவி. முகம் உள்ள நோட்டை மக்கள் ஆசையாக வாங்குகிறார்கள். சிலர் திருப்பியே தருவதில்லை, அது சங்கத்துக்கு லாபமும்கூட. ஆனால் ஜெர்மனியில் முகத்துக்கு இரண்டு அனுமதி. ஒருவர் இறந்து பத்து ஆண்டு வரை அவர் படத்தை வெளியிடக் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். அது முடிந்தாலும், அந்தப் புகைப்படத்தை எடுத்தவரின் பதிப்புரிமை அவர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும். ஓவியமாக வரைந்துகொண்டாலும் குறிப்பிட்ட ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது தெரிந்தால் கேள்வி வரும். கட்டடத்துக்கு இங்கே சிக்கல் குறைவு, பொதுத் தெருவிலிருந்து தெரியும் வெளித்தோற்றத்தை வரையலாம். உங்கள் வட்டாரம் பிரான்ஸ் எல்லைக்கு அப்பாலும் நீண்டால் அந்தச் சலுகை அப்படியே கிடைக்காது.

வரைபடம் போடுவதானால் இன்னொன்று. 2002-ல் வந்த யூரோ நோட்டின் ஐரோப்பா வரைபடத்தில் மால்டா இல்லை. 400 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த தீவுகளை விட்டிருந்தார்கள். சைப்ரஸும் வரைபடத்துக்குள் வரவில்லை. இரண்டு நாடுகளும் பிறகு யூரோவில் சேர்ந்தன. 2013 வரிசையில் இரண்டையும் சேர்த்தார்கள். மத்திய வங்கியின் பெயர்ச் சுருக்கம் முதல் வரிசையில் ஐந்து வடிவத்தில் இருந்தது, 2013-ன் 5 யூரோவில் ஒன்பது ஆயிற்று; சிரிலிக் எழுத்தும் வந்தது. நாளைக்குச் சேரப்போகும் ஊருக்கு இன்றே இடம் விடுங்கள். ஊர்ப் பெயர்களைப் பட்டியலாக நோட்டில் அடிக்கவே அடிக்காதீர்கள்.

6. இப்போது வரையலாம்

மாதிரிக்கென்று யூரோ நோட்டை ஸ்கேன் செய்து ஃபோட்டோஷாப்பில் திறந்தால் திறக்காது. பணத்தாளைக் கண்டறியும் மென்பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் காட்ட யூரோ நோட்டின் படம் வேண்டுமென்றால் ஐரோப்பிய மத்திய வங்கியின் விதியைப் பின்பற்றுங்கள். காகிதத்தில் ஒரு பக்கம் மட்டுமென்றால் நீளமும் அகலமும் 125% அல்லது அதற்கு மேல், இல்லையேல் 75% அல்லது அதற்குக் கீழ். இரண்டு பக்கமும் என்றால் 200% அல்லது 50%. திரையில் காட்டும் படத்தில் 'மாதிரி' என்று பொருள்படும் சொல் குறுக்கே வர வேண்டும், துல்லியம் 72 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 72 புள்ளி) மேல் போகக் கூடாது.

பின்னல் கோடுகள், நுண்ணெழுத்து, ரெயின்போ அச்சு (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறுவது) மூன்றும் அதிகச் செலவில்லாமல் நீங்களே கொண்டுவரக்கூடியவை. பின்னல் கோட்டை வெக்டரில் வரைந்து, தனி நிற மையில் அடியுங்கள். நான்கு நிறப் புள்ளிகளாகப் பிரித்தால் கோடு உடைந்து, நகலெடுத்ததுபோல் ஆகிவிடும். பளீர் ஆரஞ்சு, ஊதா போன்ற நிறங்களை நகல் இயந்திரத்தால் சரியாகக் கொண்டுவர முடியாது. ஆகவே முக்கியமான கோடு அந்த நிறங்களில் இருக்கட்டும். கோட்டின் தடிமன், நுண்ணெழுத்தின் உயரம் இரண்டையும் அச்சகத்திடம் கேட்டு வாங்குங்கள். ஒரு பாயிண்ட் எழுத்து 0.35 மில்லிமீட்டர்தான், எல்லா பிரஸ்ஸிலும் அது எழுத்தாக வராது, அழுக்குக் கோடாக வரும்.

மதிப்பின் எண் பெரிதாக இருக்க வேண்டும், எல்லா நோட்டிலும் ஒரே இடத்தில். பார்வை குறைந்தவர்களுக்காக யூரோ நோட்டுகள் மதிப்பு கூடக் கூட நீளமாகின்றன, பக்கத்துப் பக்கத்து மதிப்புகளின் நிறமும் எதிரெதிராக இருக்கிறது. செலவு காரணமாக எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டுவதானால், ஓரத்தில் மதிப்புக்கு ஒன்றாக வெட்டுக்குறியாவது வையுங்கள். பார்வையற்றோர் சங்கத்தில் காட்டி, கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைப் பார்த்து எங்கள் குறிகளின் இடைவெளியைக் கூட்டினோம்.

ஒரு யோசனையைக் கட்டாயம் பின்பற்றுங்கள். கையெழுத்து, தேதி, செல்லுபடிக் காலம், சட்ட வாசகம் எல்லாம் கறுப்புப் பிளேட்டில் மட்டும் இருக்கட்டும். சங்கத் தலைவர் மாறினால் ஒரு பிளேட்டை மாற்றினால் போதும். யூரோவிலும் டூயிசன்பெர்க், டிரிஷே, டிராகி, லகார்ட் என்று மத்திய வங்கித் தலைவர்களின் கையெழுத்துகள் மாறியிருக்கின்றன, அதற்காக நோட்டின் படத்தை மாற்றவில்லை.

7. எண்

எண் எப்படி ஓட வேண்டும் என்று அச்சகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். 1,000 தாள், தாளுக்கு 12 நோட்டு என்றால், முதல் இடத்தில் 1 முதல் 1,000, இரண்டாம் இடத்தில் 1,001 முதல் 2,000 என்று கீழ்நோக்கி ஓட வேண்டும். அடுக்கை வெட்டியதும் ஒவ்வொரு கட்டும் வரிசையாக இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் ஒரே தாளில் 1 முதல் 12 வரை அடித்துவிடுவார்கள். வெட்டிய பிறகு முதல் கட்டில் 1, 13, 25 என்று போகும். பன்னிரண்டாயிரம் நோட்டையும் கையால் அடுக்க நேரிடும்.

எண்ணில் ஓ, ஐ என்ற ஆங்கில எழுத்துகள் வேண்டாம், பூஜ்யமாகவும் ஒன்றாகவும் வாசிப்பார்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாக இருக்கட்டும். யூரோ எண்ணிலும் அப்படித்தான். தொலைபேசியில் எண் சொல்லிச் சரிபார்க்கும்போது தவறாகச் சொன்ன எண் பெரும்பாலும் அங்கேயே பிடிபடும்.

8. ப்ரூஃப்

திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். அதே தாளில், அதே மையில் அடித்த ப்ரூஃப் (சோதனை அச்சு) கேளுங்கள். அதற்குத் தனிப் பணம், கொடுத்துவிடுங்கள். வந்ததும் கசக்குங்கள், மடித்து ஒரு வாரம் பர்ஸில் வையுங்கள், தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள், ஸ்டாம்ப் ஒட்டிப் பாருங்கள், நல்ல கலர் நகல் இயந்திரத்தில் நகல் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீன் கடைக்காரரிடம் கொடுங்கள். எங்கள் மீன் கடைக்காரர் ஈரக் கையோடு கட்டைவிரலை ஓரத்தில் வைத்துத் தள்ளியபோது ஓரத்து நிறம் விரலில் வந்துவிட்டது. மை காய்வதற்குக் கொடுத்த நேரம் போதவில்லை. மொத்த அச்சுக்கு முன்பே தெரிந்தது.

ப்ரூஃபில் கையெழுத்திடுபவர் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் மட்டும். இரண்டு பிரதி, தேதியோடு. எல்லாவற்றிலும் 'மாதிரி' முத்திரை.

9. காலக் கணக்கு

வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சட்ட வாசகத்துக்கும் படத்தின் கருவுக்கும்தான் அதிக நாள் பிடிக்கும், அச்சுக்கு அல்ல. சங்கக் கூட்டம் மாதம் ஒருமுறை என்றால் ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு மாதம். கையிருப்புத் தாள் சில நாளில் வரும். ஆர்டர் கொடுத்துச் செய்யும் தாளுக்கு மாதங்கள். ஆகஸ்டில் எல்லோரும் விடுமுறை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அச்சகங்கள் காலண்டர் வேலையில் மூழ்கியிருக்கும். மொத்தத்தில் எட்டு மாதத்துக்குக் குறைவாக ஒப்புக்கொள்ளாதீர்கள். யூரோவின் படம் 1996 டிசம்பரில் தேர்வாகி, மக்கள் கைக்கு வந்தது 2002 ஜனவரியில் என்பதைக் கூட்டத்தில் சொன்னால் அவசரப்படுபவர்கள் கொஞ்சம் அமைதியாவார்கள்.

செல்லுபடிக் காலத்தைத் தேதியாக அடிப்பதானால் அச்சுக்குப் போகும் வாரத்தில் முடிவு செய்யுங்கள். வேலை மூன்று மாதம் தள்ளிப்போனால் நோட்டின் ஆயுளில் மூன்று மாதம் போய்விடும்.

10. ஒப்படைப்பு

கெட்டுப்போன தாள்கள் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு எண் போகிறது. அவற்றின் பட்டியலை அச்சகம் தர வேண்டும். கழிவுத் தாள், வெட்டிய மிச்சம், பிளேட் எல்லாம் சங்கத்தார் ஒருவர் முன்னிலையில் அழிக்கப்பட்டு, சான்று வர வேண்டும். நோட்டு அச்சகத்திலிருந்து நேராகச் சங்கத்தின் பெட்டகத்துக்குப் போகட்டும். உங்கள் வீட்டுக்கு ஒரு கட்டுகூட வரக் கூடாது. போர்ட்ஃபோலியோவுக்கு வேண்டுமென்றால் எண் இல்லாத, 'மாதிரி' முத்திரையிட்ட தொகுப்பு ஒன்றைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த அச்சுக்காக மை நிறங்களின் எண், தாளின் பெயர், தாள் வாங்கிய இடம், கடைசியாக அடித்த வரிசை எண் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். மூல ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு, உறையில் ஒட்டி, அந்தப் பெட்டகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலிலோ பகிர்வு ஃபோல்டரிலோ அது இருக்கக் கூடாது. உங்களிடம் உள்ள பிரதியை என்ன செய்தீர்கள் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்குப் பிறகுதான் கடைசித் தவணைக்குப் பில் அனுப்ப வேண்டும்.